பிரேக் டிஸ்க் தேய்மானத்தை அளக்க எதை வாங்கலாம்? மலைப்பாதையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாடுபடுவது இன்ஜின். இறங்கும்போது பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஆட்கள், பெட்டிகளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழந்தாக வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 14.7 மெகாஜூல். வீட்டு மின் மீட்டரின் கணக்கில் இது 4 யூனிட். இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். காற்றும் கொஞ்சம் வாங்கும். மிச்சமெல்லாம் சூடாக மாறிப் பிரேக்கில் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளில், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுகளில். டிஸ்க்கில் இரும்பு குறையக் குறைய, அதே இறக்கத்தில் அதே பாரத்துக்கு அது கூடுதலாகச் சூடாகும். சூடு எல்லை மீறினால், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் பிடிப்பதை விட்டுவிடும். பிரேக் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும் அந்த நேரத்தில், அடுத்த வளைவு கண்ணுக்கு எதிரே இருக்கும்.

நான் லேத் பட்டறையில் தொழில் பழகி, பிறகு டாக்ஸி ஓட்ட வந்தவன். போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, மூணாறு என்று கேரள எல்லைக்கு அப்பால் ஓடுகிற வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். பேட் எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிஸ்க்கின் தடிமனைக் கேட்பவர் அரிது. பேட் மாற்றும்போது மெக்கானிக் டிஸ்க்கின் முகத்தை விரலால் தடவிவிட்டு, “டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே, பேட் மட்டும் போட்டால் போதும்” என்கிறார். விரலுக்கு வழவழப்பு தெரியும், பள்ளம் தெரியும். தடிமன் தெரியாது. அதற்குக் கருவி வேண்டும். எந்தக் கருவி, எவ்வளவு செலவில் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் இணையத்தில் பார்த்த முதல் டிஜிட்டல் கருவியை வாங்கிவிடுகிறார்கள். அதைக் கொண்டு தவறான எண்ணைத் துல்லியமாக அளக்கிறார்கள்.

எவ்வளவு நுணுக்கம் தேவை?

டிஸ்க்கின் கடைசி அளவு அதன் மேலேயே இருக்கும். நடுவில் தொப்பி போல் எழும்பியிருக்கும் பகுதியிலோ வெளி ஓரத்திலோ ‘மின் டிஹெச்’ (MIN TH, குறைந்தபட்சத் தடிமன்) என்ற ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால் தெரியும். அங்கே படிக்க முடியாவிட்டால் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்க்கலாம். அந்த எண்ணுக்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

சிறிய, நடுத்தரக் கார்களின் முன்சக்கரக் காற்றோட்ட டிஸ்க்குகளில் (இரு முகங்களுக்கு நடுவே காற்று போக இடைவெளி உள்ளவை), புதிய தடிமனுக்கும் கடைசித் தடிமனுக்கும் இடையே பெரும்பாலும் 2 மி.மீ.தான் இருக்கும். உதாரணமாக 22 மி.மீ.யில் தொடங்குகிற டிஸ்க் 20 மி.மீ.யில் முடிந்துவிடும். இரண்டு முகத்துக்கும் சேர்த்துத்தான் இந்த 2 மி.மீ. ஆகவே ஒரு முகத்துக்கு 1 மி.மீ. மட்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கருவி தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். டிஸ்க்கின் மொத்த ஆயுளே 2 மி.மீ. என்னும்போது, 0.1 மி.மீ. வரை சொல்லும் கருவி அந்த ஆயுளை 20 பங்காகப் பிரித்துக் காட்டுகிறது. மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது தாராளம். 0.01 மி.மீ. காட்டும் திரைக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மிதி அதிர்கிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது என்ற நிலைமை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

விளிம்பு செய்கிற வேலை

சாதாரண வெர்னியரைக் கொண்டுபோய் டிஸ்க்கில் மாட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பேட் டிஸ்க்கின் முகம் முழுவதையும் தொடுவதில்லை. வெளி ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் தொடப்படாமலே நிற்கும். பேட் தேய்க்கிற பகுதி உள்ளே இறங்கிக்கொண்டே போக, அந்த வளையம் மட்டும் மேடாக நிற்கும். பேட்டின் உராய்வு அதன் மேல் படாததால் துருவும் அங்கேயே குடியேறும். மழையும் மூடுபனியுமாக மாதக்கணக்கில் ஈரம் காயாத மலைப்பக்கத்தில் நிற்கிற வண்டிகளில் இந்த மேடு நன்றாகத் தடித்துவிடும். விரல் நகத்தை டிஸ்க்கின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் நகம் தட்டி நிற்கும். அந்தத் தட்டல்தான் தேய்மானம்.

வெர்னியரின் வெளித்தாடைகள் தட்டையானவை. 150 மி.மீ. வெர்னியரில் தாடையின் நீளம் சுமார் 40 மி.மீ. டிஸ்க்குக்கு வெளியிலிருந்து தாடைகளை உள்ளே நுழைத்து மூடினால், அவை முதலில் போய் உட்காருவது அந்த மேட்டின் மேல். தேய்ந்த முகத்தைத் தாடை தொடவே தொடாது. 22 மி.மீ. டிஸ்க் ஒன்று 20.4 மி.மீ.க்குத் தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். மேட்டின் மேல் அளந்தால் வெர்னியர் 22 மி.மீ. என்றே காட்டும், துரு கனத்திருந்தால் 22.2 என்றும் காட்டும். புதிய டிஸ்க்கைவிடத் தடித்த பழைய டிஸ்க்! இந்த எண்ணை நம்பிப் புதிய பேட் போட்டு, இன்னொரு சபரிமலை சீசனுக்கு அந்த வண்டியை அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கருவியைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, அது மேட்டைத் தாண்டி உள்ளே 10 மி.மீ. வரை எட்டுமா என்பதுதான். எத்தனை தசமம் காட்டும் என்பது அதற்குப் பிறகு.

கையில் வெர்னியர் இருந்தால்

வெர்னியர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். சைக்கிள் கடைக்குப் போய், பின்சக்கர ஹப்பில் போடுகிற கால் அங்குல இரும்புக் குண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. புதிய குண்டுகளாக இருக்க வேண்டும். பழைய ஹப்பிலிருந்து எடுத்ததில் தேய்மானம் இருக்கும். இரண்டையும் வெர்னியரில் ஒவ்வொன்றாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். 12.7 மி.மீ. வரும்.

தடித்த அட்டையை இரண்டு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போட்டு, குண்டை அதில் அழுத்திச் செருகுங்கள். குண்டு அட்டையின் இரு பக்கமும் புடைத்து நிற்கும். ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, டிஸ்க்கின் இரு முகத்திலும் நேருக்கு நேர் குண்டுகளை வைத்து, அவற்றின் மேல் வெர்னியர் தாடைகளை மூடுங்கள். தாடைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இப்போது 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறது. மேடு அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். வெர்னியரை மெல்ல அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள். வருகிற எண்களில் மிகக் குறைந்ததே சரியானது. அதிலிருந்து 12.7ஐக் கழித்தால் டிஸ்க்கின் தடிமன். வெர்னியர் 33.1 காட்டினால் டிஸ்க் 20.4.

குண்டைக் கிரீஸ் வைத்துத் தாடையில் ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். பிரேக் தேய்க்கிற முகத்தில் கிரீஸ் படக் கூடாது; பட்டுவிட்டால் பிரேக் கிளீனர் போட்டுச் சுத்தமாகத் துடைக்காமல் சக்கரத்தை மாட்டாதீர்கள்.

சிலர் குண்டுக்குப் பதிலாக இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து அளப்பார்கள். மேட்டைத் தாண்ட அதுவும் உதவும். ஆனால் நாணயம் தட்டையானது. டிஸ்க்கின் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல் பள்ளங்கள் இருந்தால் நாணயம் அவற்றின் முகடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்தின் ஆழம் கணக்கில் வராது. மலைப்பாதையில் மணலும் கல்தூளும் பேட்டில் சிக்கிக்கொள்வதால் நம் வண்டிகளில் இந்தப் பள்ளங்கள் அதிகம். குண்டு ஒரே புள்ளியில் தொடுவதால் அகலமான பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே என் கட்சி குண்டுதான்.

இந்த முறையில் கை நடுக்கமும் கழித்தலும் சேர்ந்து 0.1 மி.மீ. வரை பிசகு வரலாம். கடைசி அளவுக்கு மேல் 0.3 மி.மீ.க்கும் குறைவாக மிச்சம் இருக்கிறது என்று வந்தால், சந்தேகத்தின் பலனை டிஸ்க்குக்குக் கொடுக்காமல் மாற்றிவிடுங்கள்.

வெர்னியரே இல்லாதவர்கள்

புதிதாக வெர்னியர் வாங்குவதானால் மூன்று வகை கடையில் கிடைக்கும். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் வெர்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போதும். தாடை வளைவதால் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண எஃகு வெர்னியர் ஏறக்குறைய 500 முதல் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 அல்லது 0.05 மி.மீ. இருக்கும். மிட்டுடோயோ போன்ற ஜப்பானியத் தயாரிப்புக்குப் பல ஆயிரம் போகும். பட்டறையில் தினமும் கையில் எடுப்பவருக்கு அந்த விலை நியாயம். சக்கரம் கழற்றும்போது மட்டும் எடுப்பவருக்குத் தேவையில்லை.

ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் வரும் டிஜிட்டல் வெர்னியரைப் பற்றி நம் பகுதிக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்த டிஜிட்டல் வெர்னியர்கள் மின்தேக்க முறையில் அளவெடுக்கின்றன. அளவுகோலின் மேல் ஈரம் படிந்தால் எண் தாவும், உறைந்து நிற்கும், சில நேரம் தானே பூஜ்யத்துக்குப் போய்விடும். குமுளியிலும் போடிமெட்டிலும் மூடுபனி இறங்கும் காலை வேளையில், குளிர்ந்த கருவியின் மேல் நீர் பூத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பிரேக் தூளும் அதற்கு ஆகாது. நீர் புகாத தரச்சான்று உள்ள டிஜிட்டல் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் விலைக்கு நல்ல எஃகு வெர்னியர் இரண்டு வாங்கலாம். டிஜிட்டல்தான் வேண்டும், கோடு பார்த்துப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை என்பவர்கள், பேட்டரியில் எல்.ஆர்.44க்குப் பதிலாக எஸ்.ஆர்.44 போடுங்கள். பேட்டரி தளர்ந்தால் எண் நம்பிக்கைக்குரியதாக இருக்காது, எஸ்.ஆர்.44 தன் மின்னழுத்தத்தைக் கடைசி வரை சீராகக் கொடுக்கும்.

சமதளத்தில் இருப்பவர்களுக்கு டிஜிட்டல் சரி. மலையில் எனக்குக் கோடு போட்ட எஃகு வெர்னியர்தான் பிடிக்கும்.

டிஸ்க்குக்கு என்றே செய்த வெர்னியர்

இந்த வேலைக்காகவே ஒரு கருவி இருக்கிறது. பார்க்க வெர்னியர்தான். ஆனால் தாடைகளின் நுனி உட்பக்கமாக மடங்கிக் கூராக இருக்கும். தாடைகளை அகலத் திறந்து மேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் மூடினால், இரண்டு கூர்முனைகளும் தேய்ந்த முகத்தில், பள்ளம் இருந்தால் பள்ளத்துக்குள்ளேயே, போய் நிற்கும். பெரும்பாலானவை 0 முதல் 60 மி.மீ. வரை அளக்கும், மீச்சிற்றளவு 0.1 மி.மீ. 0.02 வரை காட்டும் சாதாரண வெர்னியரோடு ஒப்பிட்டு இதை மட்டம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி நினைக்க வேண்டாம். சரியான இடத்தில் 0.1 அளப்பது, தவறான இடத்தில் 0.02 அளப்பதைவிட எவ்வளவோ மேல்.

விலை ஏறக்குறைய 1,000 முதல் 2,500 ரூபாய். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைப்பது கடினம். மதுரை, கோவை டூல்ஸ் கடைகளில் சொல்லிவைத்து வாங்கலாம், இணையத்திலும் கிடைக்கும். வாங்கும்போது தாடையின் ஆழத்தைப் பாருங்கள். மேட்டிலிருந்து உள்ளே 20 மி.மீ.யாவது எட்ட வேண்டும்.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. கூர்முனை அளவுகோலிலிருந்து தள்ளி இருப்பதால், கையால் இறுக்கிப் பிடித்தால் தாடை சாய்ந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தொட்டதும் நிறுத்த வேண்டும். இன்னொன்று, அளவைப் பார்த்துவிட்டுத்தான் கருவியை வெளியே எடுக்க முடியும். எடுப்பதற்குத் தாடையைத் திறந்தாக வேண்டுமே! வீல் ஆர்ச்சுக்குள் தலையை நுழைத்துக் கோடு பார்ப்பது சிரமமாக இருந்தால், கைபேசியை நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சாய்த்து எடுத்த படத்தில் கோடுகள் ஒன்றோடொன்று இசைவது மாறித் தெரியும்.

லேத் பட்டறைகளில் வளைந்த காலுள்ள பழைய அவுட்சைடு காலிப்பர் ஒன்று கிடக்கும். மேட்டைத் தாண்ட அதன் கால்களுக்கும் தெரியும். ஆனால் வெளியே எடுக்கும்போது திறந்துவிடுவதால் பிடித்த அளவு கலைந்துபோகும். கடைசி அளவுக்கு இரும்புத் தகட்டில் வாய் வெட்டிக் கேஜ் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மேடு அந்த வாய்க்குள் நுழையாது. இரண்டையும் விட்டுவிடலாம்.

மைக்ரோமீட்டர்

தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகள் டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்வதே வழக்கம். காரணம் உண்டு. அதன் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், சுற்றும் தலையில் 50 கோடுகள், ஒரு கோடு 0.01 மி.மீ. அளக்கும் முகமும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் வெர்னியர் தாடை போல் சாயாது. நுனியில் உள்ள ராட்செட் டிக் டிக் என்று நழுவுகிறபோது அழுத்தமும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும். வில்போல் வளைந்த சட்டம் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் மேடு இங்கே தொல்லை தருவதில்லை.

சாதாரண 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் 800 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் அது 25 மி.மீ.க்கு மேல் திறக்காது. 22 மி.மீ. டிஸ்க் உள்ள சிறிய கார்களுக்குச் சரி. பெரிய எம்.பி.வி., எஸ்.யூ.வி. வண்டிகளின் டிஸ்க் 25ஐத் தாண்டும். அவற்றுக்கு 25–50 மி.மீ. அளவில் வேறொன்று வாங்க வேண்டும். அந்த இரண்டாவது ஒன்று சிறிய காருக்கு உதவாது. இரண்டு வகை வண்டியும் வைத்திருப்பவர் இரண்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, அதன் அளக்கும் முகம் ஏறக்குறைய 6 மி.மீ. விட்டமுள்ள தட்டை வட்டம். நாணயத்துக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். பள்ளம் விழுந்த டிஸ்க்கில் அது முகடுகளை அளக்கும். இதற்காகவே கூர்முனை வைத்த டிஸ்க் மைக்ரோமீட்டர் இருக்கிறது. அகன்ற அளவெல்லை, கூர்முனை, 0.01 மி.மீ. நுணுக்கம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். நல்ல கம்பெனித் தயாரிப்பு என்றால் பல ஆயிரம் ரூபாய். நாளுக்கு நாலு வண்டி பிரேக் வேலை பார்க்கும் பட்டறை அதை வாங்கியே ஆக வேண்டும் என்பேன். ஒரு டாக்ஸிக்காரர் அந்தப் பணத்தில் ஒரு ஜோடி டிஸ்க்கே மாற்றிவிடலாம்.

மிதி அதிர்ந்தால்

பிரேக் பிடிக்கும்போது மிதி காலின் கீழ் துடித்தாலோ ஸ்டீயரிங் நடுங்கினாலோ கேள்வி மாறுகிறது. அப்போது டிஸ்க் எவ்வளவு தடிமன் என்பதைவிட, சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்பதே முக்கியம். நீண்ட இறக்கத்தில் கொதிக்கக் கொதிக்கப் பிரேக் பிடித்துவிட்டு, செக்போஸ்ட்டில் மிதியை அழுத்தியபடியே நிற்கிற வண்டிகளில், பேட்டின் பொருள் ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அங்கே தொடங்குகிறது சீரின்மை. சுற்றிலும் 8 இடங்களில், ஓரத்திலிருந்து ஒரே தொலைவில் அளந்து பார்க்க வேண்டும். எண்களுக்கிடையே 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே பல வண்டிகளில் காலுக்குத் தெரியும். இதை வெர்னியரால், குண்டு வைத்தாலும், கூர்முனை இருந்தாலும், பிடிக்க முடியாது. இங்கே மைக்ரோமீட்டர்தான்.

தடிமன் சீராக இருந்தும் அதிர்ந்தால் டிஸ்க் தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) அதைப் பிடித்து நிறுத்தும் காந்த ஸ்டாண்டும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாயில் கிடைக்கும். புனேயின் பேக்கர் போன்ற இந்தியத் தயாரிப்புகளுக்கு அதைவிடக் கூடுதலாகும். சக்கரத்தைக் கழற்றியபின் நட்டுகளை வாஷர் போட்டு இறுக்கி, டிஸ்க் ஹப்போடு அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். தளர்ந்த டிஸ்க்கில் வரும் தள்ளாட்டம் பொய். காந்தத்தை ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் உள்ள தாங்கு தூண்) இரும்புக் குழாயில் ஒட்டலாம். பல கார்களுக்கு எல்லை 0.1 மி.மீ. அல்லது அதற்கும் கீழ். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

டயல் கேஜ் வாங்க மனமில்லாதவர்கள் ஒரு போல்ட்டை அசையாமல் கட்டி, அதன் நுனி டிஸ்க்கை ஏறக்குறைய தொடும்படி வைத்து, டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) பார்க்கலாம். மிகப் பெரிய இடைவெளிக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசமே தள்ளாட்டம். பொறுமை வேண்டும், எண் ஓரளவு சரியாகவே வரும்.

வாங்கிய கருவியைச் சோதிப்பது

விலை குறைந்த கருவி வாங்குகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இது. பேரிங் கடையில் 608 என்ற எண்ணுள்ள சிறிய பேரிங் ஒன்று வாங்குங்கள். விலை மிகக் குறைவு. அதன் வெளிவிட்டம் 22 மி.மீ. சாதாரணத் தரத்திலேயே அந்த விட்டத்தில் அனுமதிக்கப்படும் குறை 0.009 மி.மீ.தான், 22க்கு மேல் போகவே கூடாது. உங்கள் டிஸ்க்கின் தடிமன் இருக்கும் அதே அளவில் இவ்வளவு நம்பகமான ஒரு பொருள் இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது. அதை அளந்து பாருங்கள். வெர்னியர் 22.00 அல்லது 21.98 காட்டினால் நல்ல கருவி. 21.9 காட்டினால் அந்த 0.1ஐ ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொள்ளலாம். அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம். பேரிங்கின் அகலத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அகலத்தில் 0.12 மி.மீ. வரை குறைய அனுமதி உண்டு.

அளப்பதற்கு முன் டிஸ்க் ஆறியிருக்க வேண்டும். 200 டிகிரி சூட்டில் 20 மி.மீ. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 0.04 மி.மீ. தடிக்கும். தேய்மானம் பார்ப்பதற்கு அது பெரிதல்ல. கை வெந்துபோவதுதான் பெரிது. சீக்கிரம் ஆற வேண்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்த பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள். மூன்று நான்கு இடங்களில் அளந்து, அவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடது, வலது இரண்டையும் அளக்க வேண்டும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்து முகம் சீவி வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். முகத்துக்கு 0.3 சீவினாலும் மொத்தம் 0.6 மி.மீ. போய்விடும். 20.4 மி.மீ. நிற்கும் டிஸ்க் 19.8 ஆகி, பளபளப்பாக, கடைசி அளவுக்குக் கீழே திரும்பி வரும்.

யாருக்கு எது

ஒரே ஒரு கார், வெர்னியர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் இரண்டு சைக்கிள் குண்டு போதும். வெர்னியர் இல்லை, டிஸ்க் அளப்பதற்காகவே வாங்குகிறேன் என்பவருக்குக் கூர்முனை டிஸ்க் வெர்னியர், டிஜிட்டல் அல்லாதது. கழித்தல் இல்லை, அட்டைப் பட்டை இல்லை, ஐந்து நிமிட வேலை. டாக்ஸி ஸ்டாண்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இதைத்தான் நான் போடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மிதி அதிர்கிற வண்டியோடு போராடுகிறவர்களும், கைவேலை தெரிந்தவர்களும் 0–25 மைக்ரோமீட்டரை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். டயல் கேஜ் அதற்கும் பிறகு. டிஸ்க் மைக்ரோமீட்டரைப் பட்டறைக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகப் போய் மாலையில் இறங்கும் ஜீப்புகளுக்கு இந்தக் கருவிகளில் பாதி பொருந்தாது. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். சிறிய கார்களிலும் பின்சக்கரம் பெரும்பாலும் டிரம்தான். டிரம்மில் தேய்வது உள்விட்டம். அது கூடிக்கொண்டே போகும். ஆகவே டிரம்மில் பொறித்திருப்பது ‘மேக்ஸ்’ என்ற உச்ச அளவு. அங்கேயும் வாயோரத்தில் மேடு இருக்கிறது. வெர்னியரின் சிறிய உள்தாடைகள் அந்த மேட்டையே அளக்கும். அதற்கு டிரம் கேஜ் என்று தனிக் கருவி உண்டு. அல்லது டிரம்மைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போனால் இன்சைடு மைக்ரோமீட்டரால் அளந்து கொடுப்பார்கள். டிரம்முக்காகத் தனியாகக் கருவி வாங்குவதைவிட, பிரேக் ஷூ மாற்றும் ஒவ்வொரு முறையும் டிரம்மைப் பட்டறைக்கு எடுத்துப்போவதே சிக்கனம்.